மடியில் போன பை

சென்னை பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிற்பவரின் பையை வாங்கித் தங்கள் மடியில் வைத்துக்கொள்வார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை, கை தானாக நீளும். முப்பது வருஷம் டெல்லியில் குடித்தனம் நடத்திவிட்டு வந்த எனக்கு இது பெரிய தலைவலி. கூட்டத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டே நின்று பழகியவள் நான். முன்பின் தெரியாதவர் மடியில் என் பைக்கு என்ன வேலை?

அன்று காலை தி. நகரில் அடையாறு பஸ் ஏறியபோதும் முறைத்துக்கொண்டுதான் நின்றேன். பையில் என் கணவரின் மூன்று வருஷத்து ஸ்கேன் படங்கள். அவர் அடையாறில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பதினொரு மணிக்கு டாக்டர் பழைய படங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்வதாக இருந்தது. வேறு நகல் எங்களிடம் கிடையாது.

பஸ்ஸுக்குள் பாதி இந்தியா இருந்தது. ஒருத்தி போனில் யாரையோ தெலுங்கில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். பர்தா போட்ட இரண்டு மாணவிகள் உருதுவில் சிரித்தார்கள். ஜன்னலோரம் பியூட்டி பார்லர் யூனிஃபார்மில் ஒரு பெண், மணிப்பூர்ப் பக்கம் போலத் தெரிந்தது. அவள் கை நீண்டது. மாட்டேன் என்றேன். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது, நான் விழப் பார்த்தேன், பை அவள் மடிக்குப் போய்விட்டது.

நந்தனத்தில், இறங்குபவர்களுக்கு வழிவிட நானும் கீழே இறங்கி நின்றேன். மறுபடி ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் ரோட்டில், பை பஸ்ஸில்.

கண்ணில் பட்ட ஆட்டோவில் விழுந்தடித்து ஏறினேன். "ஸ்கேன் படமெல்லாம் அதுலதான் இருக்கு! அந்தப் பொண்ணு தூக்கிண்டு போயிடுவா, திருடி!" என்று கத்தினேன்.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்கேன் படத்த வெச்சிக்கினு அது இன்னாம்மா பண்ணப் போவுது? கம்முனு குந்து, புடிச்சிர்லாம்."

கோட்டூர்புரம் ஸ்டாப்பில், வெயிலில், பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. "இங்கே ஏன் இறங்கினாய்?" என்று இந்தியில் கேட்டேன். பதில் தமிழில் வந்தது.

"அக்கா பின்னால வரும், எனக்குத் தெரியும். அதான் அடுத்த ஸ்டாப்ல நிக்கிறேன்."

சென்னைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன், இரண்டு மூன்று தடவை சொன்னேன். பார்லருக்கு நேரமாகிவிட்டது என்று அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.

டாக்டர் படங்களை வரிசையாக வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். "கட்டி மூணு வருஷமா வளரவே இல்லம்மா. ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும்" என்றார். என் கணவர் உடனே எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். நான் அழுதேன். "நல்ல சேதிக்கு யாராவது அழுவாளா?" என்று அவர் கேலி செய்தார்.

சந்தோஷத்தில்தான் அழுதேன். அந்தப் பெண்ணுக்கும் ஆட்டோக்காரருக்கும் இந்த ஊருக்கும் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லலாம், சொல்கிறேன். ஆனால் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்கவில்லை. நான் கட்டாயம் வருவேன் என்று நம்பி அவள் வெயிலில் நின்ற அந்த நேரத்தில்தான், நான் அவளைத் திருடி என்று கத்திக்கொண்டு வந்தேன்.