டென்னிஸ் ஹாலட்டின் நல்ல கண்

டென்னிஸ் ஹாலட்டுக்குப் பிறந்ததிலிருந்தே வலது கண் சரியில்லை. மாறுகண்ணாய் இருந்ததைச் சின்ன வயதில் யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அது முகத்தில் பேருக்கு ஒரு கண்ணாக இருந்ததே தவிரப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடது கண்தான். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் கார் ஓட்டினார், சமைத்தார், மனைவி பெரிலைக் குளிப்பாட்டினார், மாத்திரைகளைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். பெரிலுக்கு நரம்பு நோய் வந்து இடுப்புக்குக் கீழே அசைவு போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. டென்னிஸுக்கு அப்போது வயது எழுபத்து மூன்று. அவர் கண்ணுக்கு ஏதாவது ஆனால் பெரில் ஒரு நாள்கூட அந்த வீட்டில் இருக்க முடியாது. இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் பக்கத்து வீடு. மாதா கோயிலில் பித்தளைச் சாமான் துலக்குவதும் தரை கூட்டுவதும் என் வேலை. டென்னிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் புத்தகங்களை இருக்கைகளில் எடுத்து வைப்பார். அப்படித்தான் பழக்கம்.

அவர் வேலை பார்த்ததெல்லாம் கடற்கரையில். நகராட்சியின் துணி நாற்காலிகளை வாடகைக்குக் கொடுக்கிற ஆளாக முப்பது வருஷம் இருந்தார். மழை தூறும், காற்று ஆளைத் தள்ளும், அப்போதும் எங்கள் இங்கிலாந்து ஜனங்கள் அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டு, கோட்டைக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டு, தெர்மாஸிலிருந்து டீ குடித்தபடி கடலைப் பார்ப்பார்கள். டென்னிஸ் ஒவ்வொருவரிடமும், "இன்னும் கொஞ்ச நேரத்துல வானம் வெளுத்துடும்" என்பார். வெளுக்காது. அவர்களுக்கும் தெரியும்.

வேலை ஓய்ந்த பிறகு மாடியறையை, ஆங்கிலம் படிக்க வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விட்டார்கள். ஊரில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஜப்பான், பிரேசில், இத்தாலி என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். வந்த நாளே கேள்வி ஆரம்பித்துவிடும். கை கழுவுகிற இடத்தில் எதற்கு இரண்டு குழாய்? ஒன்றில் கொதிக்கிறது, ஒன்றில் உறைகிறது, நடுவில் எப்படிக் கழுவுவது? குளியலறை விளக்குக்கு ஏன் சுவிட்சு இல்லாமல் கயிறு தொங்குகிறது? காலை மிதித்தவன் சும்மா போகிறான், மிதிபட்டவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார்? ராணியைப் பார்த்திருக்கிறீர்களா?

டென்னிஸ் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். அவர்கள் பாடப் புத்தகத்தில் ஆங்கிலேயன் என்று ஒரு படம் இருக்கும். கறுப்பு உருண்டைத் தொப்பி, மடக்கிய குடை, இறுக்கமான முகம். அப்படி ஒரு தொப்பியை எங்கள் தெருவில் எவரும் போட்டு நான் கண்டதில்லை. ஆனாலும் பிள்ளைகள் ஏமாறக் கூடாது என்று டென்னிஸ் பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி வைத்திருந்தார். ஊருக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் அவரோடு வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

"பாரு ரூத், உலகம் பூரா இவன் போட்டோ சுவத்துல தொங்குது," என்பாள் பெரில் என்னிடம். "வீட்டுல ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. இவன்தான் இங்கிலாந்தாம்."

"நான் என்ன பண்றது கண்ணு, அவங்க கேக்கறாங்க."

"கேட்டா எதையும் குடுத்துருவியா? உனக்குன்னு ஒண்ணு நீ எப்பக் கேட்டிருக்கே?"

அவர் சிரித்துவிட்டு டீ போடப் போய்விடுவார்.

அந்த வருஷம் ஆகஸ்டில் நெஸ்ரின் என்ற துருக்கிப் பெண் தங்கியிருந்தாள். பெரிலுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள். ஒரு சனிக்கிழமை காலை டென்னிஸ் கண்ணுக்கு முன்னால் ஏதோ கரித்தூள் பறக்கிறது என்று கையால் விலக்கிக்கொண்டே இருந்தாராம். ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறதாம்.

"டாக்டர்கிட்ட போங்க மிஸ்டர் டென்னிஸ்."

"செவ்வாய்க்கிழமை போறேன்மா. திங்கள் வங்கி லீவு, நாடே லீவுல இருக்கும். பாவம், டாக்டருங்களும் வருஷத்துல நாலு நாள்தான் பிள்ளைகுட்டியோட இருக்காங்க."

"கண்ணு லீவு பார்த்தா கெடும்?"

"அதுவா சரியாயிடும். ரொம்ப வலியெல்லாம் இல்லை."

மறுநாள் கோயிலில் படி இருப்பது தெரியாமல் காலை வைத்துத் தடுமாறினார். படியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பாட்டுப் புத்தகங்களை ஒரு பக்கத்து இருக்கைகளில் மட்டும் வைத்திருந்தார். இன்னொரு பக்கம் காலியாக இருந்ததை நான் போய் நிரப்பினேன். ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, நெஸ்ரின் என் கதவைத் தட்டினாள்.

"அவர் டீயைக் கப்புக்கு வெளியில ஊத்தறார். மேசை பூரா டீ. கண்ணுல மூக்குப் பக்கத்துலேருந்து கறுப்புத் திரை இறங்குதாம். டாக்சி கூப்பிட்டிருக்கேன். நீங்க கூடப் போங்க, நான் பெரிலைப் பார்த்துக்கறேன்."

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கூட்டம். ஜன்னலில் ஒரு நர்சு. எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். முறை வந்ததும் நர்சு கேட்டாள்:

"சொல்லுங்க, என்ன செய்யுது?"

"உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறேன், மன்னிக்கணும். பெருசா ஒண்ணும் இல்லைங்க. இடது கண்ணுல கொஞ்சம் தூசி மாதிரி."

"பார்வை குறைஞ்சிருக்கா?"

"கொஞ்சம் மங்கல். வயசாச்சு இல்லையா."

"வலி? பத்துக்கு எத்தனை?"

"ஒண்ணுன்னு வெச்சுக்கோங்களேன். அதுகூட இல்லை."

நர்சு எழுதிக்கொண்டாள். அவள் பேரில் தப்பில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதினாள். கறுப்புத் திரையைப் பற்றி அவர் சொல்லவில்லை. இன்னொரு கண் பார்க்காது என்பதைச் சொல்லவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஒரு ஆண்பிள்ளை தன் உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து இல்லை என்று சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை. பின்னால் ஆட்கள் வேறு நின்றார்கள். நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கர்த்தர் அதை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாலு மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் டென்னிஸ் வானிலையைப் பற்றிப் பேசினார். தக்காளிச் செடிக்கு இந்த வருஷம் வெயில் போதவில்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எதிரே ஒரு தாய், விரலைக் கதவில் நசுக்கிக்கொண்ட சிறுமியை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதது.

"அவங்க போகட்டும் சிஸ்டர். எனக்கு அவசரம் இல்லை," என்றார் டென்னிஸ்.

அந்தத் தாய் கண் கலங்கி நன்றி சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கும் அந்த நேரத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் உள்ளே போனபோது கண் டாக்டர் கிளம்பிவிட்டார். இளம் டாக்டர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்தார். சீட்டில் இருந்ததைப் படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை கண் பிரிவுக்கு வரச் சொன்னார். அதிகமானால் உடனே வாருங்கள் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை அதிகமானது. நெஸ்ரின் அவரிடம் கத்தினாள்.

"இன்னிக்கே போகணும்! டாக்சி வரச் சொல்லட்டுமா?"

"நாளைக்கு நேரம் குடுத்திருக்காங்களேம்மா. அதுக்கு முன்னாடி போய் நின்னா நல்லா இருக்காது."

"யாருக்கு நல்லா இருக்காது?"

அவர் சுவரைத் தடவிக்கொண்டு டீ போடப் போனார்.

செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். கருவிக்குப் பின்னாலிருந்து தலையை எடுத்தார்.

"எப்போலேருந்து இப்படி?"

"சனிக்கிழமைங்க."

"மிஸ்டர் ஹாலட், உங்களுக்கு இந்த ஒரு கண்ணுதான்னு ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமையே என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பாங்களே."

"யாரும் கேக்கலைங்க," என்றார் டென்னிஸ். பிறகு, "உங்க லீவு நல்லாப் போச்சா டாக்டர்?" என்று கேட்டார்.

இரண்டு தடவை அறுவை செய்தார்கள். கண்ணுக்குள் விழித்திரை கழன்று சுருங்கிவிட்டது, இனி ஒட்டாது என்றார்கள். வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஜன்னலில் யார் நிற்கிறார் என்று தெரியாது.

அக்டோபரில் நகராட்சியிலிருந்து, முடியாதவர்களுக்கு உதவி ஏற்பாடு செய்கிற ஒரு பெண் வந்து இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். நானும் இருந்தேன்.

"உங்களால சமாளிக்க முடியுதா?"

"ஓ, நல்லாவே சமாளிக்கறோம்," என்றார் டென்னிஸ். "பழகிக்கிட்டா ஒண்ணும் இல்லை."

அவர் கையில் சூட்டுக்கொப்புளம் இருந்தது. முந்தின நாள் பெரிலுக்குக் காலை மாத்திரைக்குப் பதில் இரவு மாத்திரையைக் கொடுத்ததில் அவள் மாலைவரை கண் விழிக்கவில்லை.

"பொய் சொல்றான்," என்றாள் பெரில். "சமாளிக்க முடியலை. என்னை எங்கேயாவது சேர்த்துருங்க."

"பெரில்..."

"நீ பேசாதே டென். பேச வேண்டிய இடத்துல நீ பேசலை. இனிமே நான் பேசறேன்."

அவள் அழவில்லை. அவர்தான், தன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாமல் எல்லோருக்கும் நேராக வைத்துக்கொண்டு அழுதார். அந்த நகராட்சிப் பெண் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டாள். நான் எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.

பதினோரு மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. அழைத்துப்போக வண்டி வந்த அன்று, கூட வருகிறவருக்கு ஒரு இடம் இருக்கிறது என்றார் ஓட்டுநர். "ஆனா அடுத்த தெருவுல இன்னொரு பாட்டியம்மாவை ஏத்தணும். அவங்க மகளும் வரணும்னு கேட்டாங்க. உங்க இஷ்டம்தான் சார், நீங்கதான் முதல்ல."

"அந்த மக வரட்டும். நான் பஸ்ஸுல வந்துடறேன்," என்றார் டென்னிஸ்.

பெரில் மறுபக்க ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அதைப் பார்க்கவில்லை. வண்டி திரும்பிப் போன பிறகும் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

நெஸ்ரின் செப்டம்பரிலேயே போய்விட்டாள். கிறிஸ்துமசுக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தொப்பியோடு அவர் நிற்கிற படத்தைத் தன் வகுப்பில் காட்டினாளாம். அவள் ஊர் இஸ்மிரில் எல்லோரும், அசல் ஆங்கிலேயன் இப்படித்தான் இருப்பான் என்று சொன்னார்களாம். நான் படித்துக் காட்டினேன். டென்னிஸ் கடிதத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல பொண்ணு," என்றார். "அன்னிக்கு யாருக்கு நல்லா இருக்காதுன்னு அவ கேட்டதுக்கு நான் பதில் சொல்லவே இல்லை."

வியாழக்கிழமைதோறும் பெரிலைப் பார்க்கப் போவார். எங்கள் ஊரில் நிறுத்தத்தில் நின்றால் மட்டும் பஸ் நிற்காது. தூரத்தில் வரும்போதே கையை நீட்ட வேண்டும். டென்னிஸுக்கு எது வருகிறது என்று தெரியாது. கனமான சத்தம் கேட்கும்போதெல்லாம் கையை நீட்டுவார். சிமெண்ட் லாரி ஆரன் அடித்துக்கொண்டு போகும். "மன்னிக்கணும்," என்று லாரியைப் பார்த்துச் சொல்வார். குப்பை வண்டி ஒன்று நிஜமாகவே நின்றுவிட்டது. அதற்கும் மன்னிப்பு. பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கேட்டால் முடிந்தது. கேட்க மாட்டார். கோயில் வேலை இல்லாத வாரங்களில் நான் கூடப் போய்க் கை நீட்டுவேன். வேண்டாம், உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்பார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை நான் போகவில்லை. மூன்று பஸ் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. நாலாவதைப் பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிய ஐந்து நிமிஷம். பெரில் மதியத்திலிருந்து தலை வாரி, உதட்டுச் சாயம் போட்டு, கதவைப் பார்த்துக்கொண்டே இருந்து தூங்கிவிட்டாள். எழுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள் அங்கிருந்த பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த வாரம் நான் தெரு முனையில் வரும்போதே அவர் நிறுத்தத்தில் நிற்பது தெரிந்தது. சாரல் அடித்தது. காய்கறிப் பையோடு ஒரு பெண் பக்கத்தில் நின்றாள், முன்பின் பார்த்திராத முகம். டென்னிஸ் தொண்டையைச் செருமினார். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் சொன்னார்.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க. என் சம்சாரம் காத்துக்கிட்டிருக்கா. பஸ் வந்தா நிறுத்துங்க."

அந்தப் பெண் திடுக்கிட்டு ஒரு அடி நகர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"நிறுத்தறேங்க. அதுக்கென்ன," என்றாள். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல், "இன்னிக்கு வெளுக்கும்னு நினைக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"வெளுக்காதும்மா," என்றார் டென்னிஸ்.

நான் அங்கேயே நின்றுகொண்டேன். பஸ் வந்ததும் அந்தப் பெண் கை நீட்டினாள்.