வெள்ளிக்கிழமை பிரியாணி

என் மருமகளின் அப்பா அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரே ஒருமுறைதான் எங்கள் வீட்டு வாசல்வரை வந்திருந்தார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், மகளின் சான்றிதழ்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே நின்றே கொடுத்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். இருக்கட்டும்மா என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். மண்டையைப் பிளக்கும் வெயில். எங்கள் நெல்லித்தோப்பிலிருந்து அரியாங்குப்பம் தாண்டி அவர் ஊர் போய்ச் சேரும்வரை தொண்டை காய்ந்துதான் போயிருக்க வேண்டும். காயட்டும் என்றுதான் அன்று நினைத்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. மருமகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நாங்கள் மாதா கோயில் குடும்பம். அவர்கள் நிலமும் மாடும் வைத்திருக்கிற மாரியம்மன் கோயில் குடும்பம். பிள்ளைகள் யாரையும் கேட்கவில்லை. நான் ஒரு மாதத்தில் மனம் மாறினேன், அவருக்கு இரண்டு வருடம் ஆனது. மகளுக்கு ஏழு மாதம் என்று தெரிந்தபிறகு அவரே போன் செய்து, மாசி வளர்பிறை வெள்ளிக்கிழமை பங்காளிகளோடு அவளைப் பார்க்க வருவதாகச் சொன்னார். சாப்பிடுவீங்களாப்பா என்று இவள் பயந்து பயந்து கேட்டிருக்கிறாள். சாப்பிடுகிறோம், பிரியாணியே போடச் சொல் என்றாராம். என்னிடம் வந்து சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. எங்கள் வீட்டு இலையில் அவர் கைவைத்துவிட்டால் அவளுக்குப் பிறந்த வீடு திரும்பக் கிடைத்துவிடும். மகன் வெளியூர் வேலையில் இருந்தான். வீட்டில் இருந்த நாங்கள் மூவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் வேறெதையும் நினைக்கவுமில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. அது தவக்காலத்து வெள்ளி. எங்களுக்கு அன்று இறைச்சி ஆகாது. தேதியை மாற்றச் சொல்லலாமே என்றார் என் கணவர். இரண்டு வருடம் கழித்து வாய் திறந்த மனிதரிடம் நாள் பேரமா பேசுவது? சாப்பிடுவதுதானே பாவம், சமைப்பது இல்லையே என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவர்களுக்குப் பிரியாணி, எங்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும்.

வேனில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். கேஸ் அடுப்பு அண்டாவைத் தாங்காது. தோட்டத்தில் முருங்கைமரத்துப் பக்கம் கல் கூட்டி அடுப்பு வைத்தோம். சவுக்கு விறகு வாங்கும் வேலை கணவருடையது. முந்தின நாள் வாங்கியிருந்தால் வெயிலில் காய்ந்திருக்கும். காலையில் போய் ஈரக்கட்டையாகப் பார்த்து வாங்கி வந்தார். அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டிருந்த அம்மா இருமிக்கொண்டே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனாள். கண்ணில் நீர் வழிய நான் ஊத, அவர் அட்டையால் விசிற, முப்பது வருடக் கணக்கை அந்த அடுப்படியிலேயே எடுத்துப் போட்டுப் பேசினேன். பேசிக்கொண்டே வெங்காயம் வதக்கினேன், கறியைப் போட்டேன், உப்பு போட்டேன். ஒருவழியாக விறகு பிடித்துக்கொண்டது. திட்டு மட்டும் ஓயவில்லை. அந்த வேகத்தில் இன்னொரு கைப்பிடி உப்பு அள்ளிப் போட்டிருக்கிறேன். எனக்கே தெரியாது.

மற்ற நாளாக இருந்தால் அரிசி போடும் முன்பு கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பேன். அன்று கை வாய்வரை வந்து நின்றது. நாக்கில் வைத்துத் துப்பிவிடேன் என்றார் கணவர். துப்பினாலும் ருசித்தது ருசித்ததுதானே. மருமகளைக் கூப்பிட்டு உப்பு பார்க்கச் சொன்னேன். கவுச்சி வாசனை குமட்டுகிறது என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஏழாம் மாதத்தில் என்ன குமட்டல் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. சீரகச் சம்பாவைக் கொட்டி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டு, தேவமாதாவே நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

வந்தார்கள். இந்தமுறை கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, மகளின் தலையில் கை வைத்தார். இலை போட்டோம். கூட வந்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஒரு நொடி கண்ணை மூடிவிட்டு முதல் வாய் எடுத்துவைத்தார். மென்றார். உடனே டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மற்றவர்களும் ஒரு வாய் சாப்பிட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லா இருக்குது என்றார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றேன். அவர் மனைவி பதறி நிமிர்ந்து பார்த்தார். அவரோ வைம்மா என்றார்.

நான்காவது டம்ளரை நிரப்ப வந்த மருமகள், எதையும் யோசிக்காமல் அப்பாவின் இலையிலிருந்து ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டாள். அவள் முகம் போன போக்கிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"உப்பு கரிக்குதேப்பா. எப்படிப்பா சாப்புட்ட?"

"சும்மா இரு."

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கெழமைல கவுச்சி தொடவே மாட்டாரு சம்மந்தி. கிறிஸ்துவங்க வூட்டுல கறி வேணாம்னா, சாப்புடாம இருக்க சாக்கு சொல்றோம்னு நெனப்பீங்கன்னு, பொண்ணுகிட்டயும் வாய தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

குமட்டலின் காரணம் அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை கவுச்சி அவளுக்கும் ஆகாது, அதைச் சொன்னால் அப்பாவின் விரதமும் வெளியே வந்துவிடும். கரண்டியைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன், எங்களுக்கும் இன்று ஆகாது, அதனால்தான் ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப யாருக்காகம்மா ஆக்கினீங்க?"

"உங்களுக்காகத்தான். நீங்க யாருக்காகச் சாப்புட்டீங்க?"

அவர் இலையை மூடாமல், பக்கத்தில் நின்ற மகளின் வயிற்றைப் பார்த்தார். கண் கலங்கியது. அடுப்புப் புகை இன்னும் வந்துகொண்டிருந்ததால் அதன்மேல் பழியைப் போட வசதியாக இருந்தது. எனக்கும்தான். இரண்டு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கத்தரிக்காய்க் குழம்பையும் ரசத்தையும் எடுத்துவந்து எல்லா இலையிலும் பரிமாறினேன். எங்களுக்கும் இலை போடச் சொன்னார். அவருக்கு எதிரே உட்கார்ந்தோம். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும், தாகம் அடங்கவில்லை, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடும்மா என்றார். அன்று கேட்டில் நீட்டிய அதே சொம்பில் கொண்டுவந்தேன். அண்ணாந்து குடிப்பார் என்று நினைத்தேன். வாய் வைத்துக் குடித்தார்.