இரண்டாவது காது

காது குத்த வந்த பத்தர் மடலில் வைத்த சுண்ணாம்புப் பொட்டு சில்லென்று இருந்தது. என்னை மடியில் வைத்திருந்த மாமனின் புது வேட்டியில் கஞ்சி வாசம். வாயில் பொட்டுக்கடலையும் வெல்லமும். எனக்கு ஆறோ ஏழோ வயது... அழுவதா தின்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தேன்.

மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் குலசாமி கோயில் முன்னால் பந்தல். கொட்டு அடிக்கிறார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்பா மட்டும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் மாமன் அங்கே வந்திருக்கவே கூடாது.

அதற்கு முந்தைய வருஷம் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவன் அப்பாவின் வலது கையை அரிவாளால் வெட்டிவிட்டான். அடுத்த வெட்டு கழுத்துக்கு வந்தது. அம்மாவின் தம்பிதான் ஓடிவந்து தடியால் போட்டார். ஒரே அடி. வெட்டியவன் எழுந்திருக்கவில்லை. அப்பா பிழைத்தார், கை மட்டும் விளங்காமல் போயிற்று. மாமன் அன்றைக்கே எல்லை தாண்டிவிட்டார்.

எல்லை என்றதும் மலையும் ஆறும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீடு கொச்சி ராஜா பக்கம். நாலு தோட்டம் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் ஆட்சி. எங்கள் போலீஸ் அங்கே போய் ஒருவரைப் பிடிப்பதென்றால் மேலே எழுதிக் கேட்டு, அவர்கள் பதில் எழுதி... அதற்குள் இங்கே நட்ட தென்னை காய்த்துவிடும். மாமன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டு இருந்தார். இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்.

அப்போதுதான் என் காதுகுத்து வந்து சேர்ந்தது.

தள்ளிப்போடலாம் என்றார் அப்பா. இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் மடி போதும் என்றார். அம்மாவா கேட்பாள்? பிறந்த வீட்டுச் சீருக்கு நாதியில்லாதவள் என்று என் அத்தை கிணற்றடியில் சொன்னது அம்மா காதுக்கு வந்துவிட்டது. அது போதாதா அவளுக்கு!

"கூடப்பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப, வேற ஒருத்தன் மடியில எம்புள்ளைய உக்கார வெக்கோணுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டாளாம்.

அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளலாம் என்றும் அப்பா கெஞ்சிப் பார்த்தார். குலசாமியைக் கூடையில் வைத்தா தூக்கிக்கொண்டு போவது என்று அம்மா அவர் வாயை அடைத்தாள். பால்காரனிடம் சேதி போயிற்று. அக்கா கூப்பிட்டால் மாமன் வராமல் இருப்பாரா... வந்தார். சீர்த் தட்டோடு வந்தார்.

யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று ஊர் வெகுநாள் பேசியது. எனக்கு எரிச்சல்தான் வரும். காட்டிக்கொடுக்க ஆள் எதற்கு? காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. இது தெரியாத போலீஸ்காரன் எங்கள் பக்கம் உண்டா? கொட்டுச் சத்தம் கேட்டுத் தானாகவே வந்திருப்பான்.

இடது காது குத்தியாயிற்று. நான் வீறிட்டேன். கொட்டு சட்டென்று நின்றது. புளியமரத்துப் பக்கமிருந்து நாலு கான்ஸ்டபிள், பின்னால் ஒரு இன்ஸ்பெக்டர். மாமனின் தொடை எனக்கு அடியில் கல்லாக இறுகியது. அதை இன்னும் என் உடம்பு மறக்கவில்லை. மாமனின் தடி கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. பந்தலுக்குப் பின்னால் வெறும் சோளக்காடு, அதைத் தாண்டினால் எல்லை. ஒரு துள்ளுத் துள்ளியிருந்தால் போதும்.

அப்பா இடது கையை ஆட்டி, ஓடு ஓடு என்று ஜாடை காட்டினார்.

மாமன் என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"பத்தரே, இந்தக் காதையும் குத்துங்க. கை நடுங்காம குத்துங்க, கொழந்தைக்கு நோவும்."

பத்தர் குத்தினார். அதுவரை இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். மாமன் என்னைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார்.

"சீரு நெறஞ்சுதாக்கா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். விலங்கு போட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் ஜெயிலிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மீசைகூட நரைக்கவில்லை, பாவி மனுஷன்.

அம்மா அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் யார் வந்தாலும் சொல்லுவாள், என் தம்பி பாதிச் சீரில் எழுந்திருக்கவில்லை என்று. அத்தை எதிரில் என்றால் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுவாள். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தாள்.

இதெல்லாம் இப்போது ஏன் நினைவுக்கு வருகிறதென்றால், போன மாதம் சித்தூர் டெண்ட் கொட்டகையில் ஒரு டாக்கி. அக்கா குடும்பத்துக்காகத் தம்பி சண்டை போடுகிற கதை. ஒரு கையில் அக்காள் குழந்தை, இன்னொரு கையில் கத்தி. இருபது பேரை வெட்டிச் சாய்த்துவிட்டுக் குதிரையில் பறக்கிறான். தலைப்பாகைகூடக் கலையவில்லை. கொட்டகையே விசில் அடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் ஒரு அடிக்கு ஒரு ஆயுசைக் கொடுத்தார்கள், இன்றைக்கு டிக்கெட் வாங்கினால் இருபது தலை உருள்கிறது, எல்லோரும் கடலை தின்றுகொண்டே வீட்டுக்குப் போகிறோம்.

அம்மா இமைக்காமல் பார்த்தாள். அவளுக்கு அதுதான் முதல் டாக்கி.

திரும்பும்போது வண்டியில் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு இருட்டில் என் காதைத் தடவினாள். வலது காதை.

"இதொண்ணு குத்தாம உட்டிருந்தா... நீ வளந்திருக்க மாட்டயா அம்மிணி?"

வளர்ந்திருப்பேன் அம்மா. நன்றாகவே வளர்ந்திருப்பேன். இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, காதிலிருந்த அவள் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.