மருமகனுக்கு வாங்கிய பைக்

அந்த பைக் ஏழு மாதம் எங்கள் வீட்டு ஹோலில், பூப்போட்ட கட்டில் விரிப்பை மூடிக்கொண்டு நின்றது. நாங்கள் அதைச் சுற்றி நடந்தோம். என் மனைவி வீடு கூட்டும்போது அதன் அடியில் மட்டும் தும்புத்தடியைப் போட மாட்டாள், எங்காவது கீறிவிடும் என்ற பயம். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் இருந்து தேநீர் குடிப்பார்கள். விரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் கல்யாணமாகாத மகள் உள்ள வீட்டில் அப்படி ஒன்று மூடி நின்றால் கேட்கத் தேவையில்லை.

நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஏணி, வாளி, உருளை எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சம்மாந்துறை, காரைதீவு, மருதமுனை என்று முப்பது வருடம் மிதித்திருக்கிறேன். இந்தத் தொழில் எனக்குப் பொருந்தியதற்குக் காரணம் ஒன்றுதான். வேலை முழுக்கச் சுவரைப் பார்த்தபடி நிற்கலாம், மனிதர்களோடு அதிகம் கதைக்கத் தேவையில்லை.

மகளுக்கு வீடு கட்டினேன். அதில் எனக்குக் குறை இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் மனதுக்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவான். வீட்டுக்கு மேலே, மாப்பிள்ளைக்கு ஒரு பைக்கும் வேண்டும் என்று என் மச்சான் சொன்னார். மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த சகோதரர், கல்யாணப் பேச்சை நடத்தியவர். மூன்று வருடம் சீட்டுப் போட்டு அதையும் வாங்கி வைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.

"இதா? மாப்பிள்ள இத ஓடமாட்டார். கொஞ்சம் பெரிசா எடுங்க. இத வித்துப்போட்டு மேல கொஞ்சம் போட்டாச் சரிதானே."

மச்சான் தலையை ஆட்டினார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம் போல ஒன்றும் சொல்லாமல் இருப்பேன், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"அப்ப வேணாம்," என்றேன்.

"பைக்கா?" என்றார் மச்சான்.

"கல்யாணம்."

அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். அதன் பிறகு ஆறு மாதம் எங்கள் படலையை ஒரு பேச்சுக்காரரும் திறக்கவில்லை. "பைக் நிக்கட்டும், அடுத்த மாப்பிள்ளைக்கு ஆகும்," என்று மச்சான் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு காலை நான் சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். மகள் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகப் புறப்பட்டு வெளியே வந்தாள்.

"வாப்பா, இதுக்குக் காத்தடிச்சு மூச்சு வாங்கிற நேரம் உள்ள நிக்கிறத ஓடுங்களன்."

"அது உண்ட கல்யாணத்துக்கு வாங்கினது மகள்."

"நான் கேட்டனா? அதப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு வெல எழுதி ஒட்டி வச்ச மாதிரி இரிக்கி."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அன்று முழுவதும் சுவரில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

எனக்கு பைக் ஓடத் தெரியாது. ஐம்பது வயதில் அதை யாரிடம் சொல்வது? பெரியநீலாவணையிலிருந்து தினமும் காலையில் பைக்கில் பெட்டி கட்டி மீன் கொண்டுவரும் தம்பி ஒருவன் இருக்கிறான். எங்கள் தெருவுக்கு வரும்போது என்னோடு நின்று இரண்டு வார்த்தை கதைப்பான், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பான். அவனிடம் கேட்கலாம் என்று முடிவெடுத்தேன். கேட்க வாய் வராமல் மூன்று நாள் தேவையில்லாத மீனை வாங்கினேன். நாலாம் நாள் அவனே கேட்டான்.

"காக்கா, என்ன, வீட்டுல விருந்தா? இல்லாட்டி என்னட்ட ஏதும் கேக்கணுமா?"

"பைக் ஓடப் பழகணும்."

"ஆரு, மகனா?"

"எனக்கு மகன் இல்ல. நான்தான்."

அவன் சிரிக்கவில்லை. தராசைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். "பின்னேரம் மாவடிப்பள்ளி வட்டைக்குக் கொண்டு வாங்க. அறுவடை முடிஞ்ச வயல்தானே, விழுந்தாலும் மண்."

எப்படிக் கொண்டு போவது? அவன்தான் வந்து பைக்கை ஓடிக்கொண்டு போனான், நான் என் சைக்கிளில் பின்னால் மிதித்துக்கொண்டு போனேன். என் மனைவி வாசலில் நின்று தலையில் கை வைத்ததைத் திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் என் சாரன் பின் சக்கரத்தோடு சண்டைக்குப் போனது. மறுநாள் காற்சட்டை போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் காற்சட்டை போட்டதில்லை, அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது பைக்கை விடக் கஷ்டமாக இருந்தது. கிளச்சை விட்டால் பைக் குதிக்கும், குதித்தால் நின்றுவிடும். "காக்கா, அது பிரேக் இல்ல, சடாரெண்டு விட. ரோலர உருட்டுற மாதிரி கையப் பதமா எடுங்க," என்றான் அவன். உருளை என்றதும் என் கைக்கு விளங்கிவிட்டது. அன்று வட்டையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிற்காமல் போனேன்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. முப்பது வருடமாக நான் சைக்கிளில் இருந்து இறங்கும் முறை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது மிதியில் நின்று, வலது காலைப் பின்னால் சுழற்றி, இரண்டு அடி கூடவே ஓடி நிறுத்துவேன். அன்று பைக்கிலும் கால் தானாகச் சுழன்றது. நான் நிலத்தில் நின்றேன், வலது கை பிடியை முறுக்கியபடி இருந்தது. பைக் என்னை விட்டுவிட்டு நேரே போய் வாய்க்காலின் சீமெந்துக் கட்டில் உரசிச் சரிந்தது.

"இறங்கத்தானே சொன்னன் காக்கா, குதிக்கவா சொன்னன்?" என்று அவன் ஓடிவந்தான். இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பைக்கை நிமிர்த்தியபோது சிரிப்பு நின்றது. பெற்றோல் தாங்கியின் இடப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போய்த் தகரம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்தக் கீறலைக் கையால் தடவினாள். பிள்ளைக்கு அடிபட்டது போல அழுதாள். செய்தி எப்படிப் போனதோ, மஃரிப் தொழுகைக்கு முன்னரே மச்சான் வந்துவிட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"பரவால்ல. நீங்க பெயின்ட் பாஸ்தானே? ஒரு நாள் வேல. மறைச்சிட்டு மறுகா விரிப்பப் போட்டு மூடிரிங்க. ஒருத்தனுக்கும் தெரியவராது."

உண்மைதான். எந்த அரத்தாள், எத்தனை பூச்சுப் பட்டி, எந்த நிறத்தில் எதை எவ்வளவு கலப்பது என்று, அவர் பேச்சு முடியும் முன்பே, என் மனம் கணக்கெடுத்துவிட்டது. கல்யாண வீடுகளில் விருந்தாளி கண்ணில் படாமல் சுவர் வெடிப்புகளை மூடுவதுதானே என் பிழைப்பு. யார் வீட்டு வெடிப்பையும் யாருக்கும் தெரியாமல் மூடுவேன்.

"மறைக்க மாட்டன்," என்றேன்.

"என்னத்துக்கு?" என்று கத்தினாள் மனைவி. "இனி இத மாப்பிள்ளைக்குக் குடுக்கேலாதே!"

"ஓம். அதுக்குத்தான்."

மச்சான் என்னை உற்றுப் பார்த்தார். "மச்சான், இது விளையாட்டில்ல. பைக் இல்லாம ஆரு வருவான்? உங்கட பிடிவாதத்துக்கு அந்தப் புள்ள வீட்டுல கெடக்கணுமா?"

அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் தைத்தது. மற்ற எதற்கும் நான் பயப்படவில்லை, அதற்குப் பயந்தேன். இன்றும் பயப்படுகிறேன்.

லைசன் எடுக்க எழுத்துப் பரீட்சை ஒன்று இருந்தது. நான் கடைசியாகப் பரீட்சை எழுதியது எப்போது என்று என் உம்மாவுக்குத்தான் தெரியும், அவ இல்லை. மகள் ஒரு கேள்விப் புத்தகம் வாங்கி வந்தாள். இஷாத் தொழுகைக்கு முன்னர் சமையலறை மேசையில் இருந்து இருவரும் படித்தோம். பாலர் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே எனக்கும் விரல் வைத்து வாசிக்கச் சொன்னாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன், அவள் அவசரப்படுத்தவில்லை.

ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன், "மகள், ஒரு பைக்கால உண்ட வாழ்க்க போயிரப்படா."

"பைக்கால வாற வாழ்க்க எப்படி வாப்பா இரிக்கும்?" என்றாள். "அடுத்த கேள்விய வாசிங்க. முக்கோணத்துக்குள்ள மாடு கீறியிரிக்கி. என்ன அர்த்தம்?"

"மாடு வரும்."

"வந்தா?"

"நிப்பாட்டணும்."

"மாட்டுக்கு நிப்பாட்டுங்க. மற்ற ஆக்களுக்கு நிப்பாட்டாதீங்க."

பரீட்சை மண்டபத்தில் என்னைச் சுற்றி என் மகளை விட இளைய பிள்ளைகள். ஒருவன் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழும்பி நின்றான். கடைசி ஆளாகத் தாளைக் கொடுத்தேன், ஆனால் சித்தியடைந்தேன். ஓடிக்காட்டும் பரீட்சையில் எட்டுப் போடும்போது முதல் முறை கோட்டை மிதித்துத் தோற்றேன். மீன்காரத் தம்பி மறுபடி வட்டைக்கு வந்து, கல் வைத்து எட்டுக் கீறித் தந்தான். இரண்டாம் முறை தோற்கவில்லை.

அதற்கு இடையில் ஊர் வேறொரு பரீட்சை வைத்தது. எங்கள் தெரு முனையில் தேத்தண்ணிக் கடை. எல் பலகை கட்டிக்கொண்டு முதல் நாள் அதைக் கடக்கும்போது, சரியாகக் கடைக்கு முன்னால் இயந்திரம் நின்றது.

"மருமகன் கெடைக்கல்ல எண்டு மாமாவே மாப்பிள்ளையாகிட்டார் பாருங்கடா!" என்று ஒரு குரல். கடை வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முன்பு என்றால் நான் அடுத்த நாளே பின் ஒழுங்கையால் போயிருப்பேன். இந்த முறை அதே வழியால் போனேன், மறுபடியும் அங்கேயே நின்றது. மறுபடியும் அதே பகிடி. என்னிடம் உடனே பதில் வராது. இரண்டு நாள் சுவரைப் பார்த்து யோசித்தேன். மூன்றாம் நாள் பைக் நிற்கவில்லை, நானே நிறுத்தினேன்.

"ஓம், மாப்பிள்ளதான்," என்றேன். "சீதனம் கேக்காத மாப்பிள்ள. இந்த வாங்கில அப்படி எத்தின பேர் இரிக்கிறீங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் மட்டும் "வாங்க, ஒரு பிளேன்டீ குடிங்க," என்றார். அங்கே இருந்து குடிக்க எனக்குத் துணிவு போதவில்லை, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். ஆனால் சொன்னேன்.

அதன் பிறகு அது வேலைக்காரனின் பைக்காகிவிட்டது. இரண்டு பக்கமும் வாளி தொங்கியது. ஆசனத்தில் வெள்ளைத் துளி, மட்கார்டில் பச்சைத் துளி, கீறல் இருந்த இடத்தில் துரு.

போன மாதம் மச்சான் ஒரு பேச்சைக் கொண்டுவந்தார். பையன் மின்சார வேலை செய்கிறானாம், நல்ல குடும்பமாம். அவர்கள் வரும் நாள் நான் கடைக்கு நடந்து போய்த் திரும்பியபோது பைக்கைக் காணவில்லை. வெளியே நின்றதை மச்சான் ஹோலுக்குள் ஏற்றி, வாளிகளைக் கழற்றி, கீறல் சுவர்ப்பக்கம் போகத் திருப்பி வைத்திருந்தார். மனைவி அந்தப் பூப்போட்ட விரிப்பைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் போட்டு மூடியிருந்தாள்.

"வந்துட்டுப் போகும்வரைக்கும் மட்டும்," என்று கெஞ்சினாள். நான் சட்டை மாற்ற உள்ளே போனேன்.

பையனின் தகப்பன் அமைதியான மனிதர். வீட்டைப் பற்றி நல்லவிதமாகக் கதைத்தார். தேநீர் குடித்தார். பிறகு அவருடைய கண் விரிப்பின் மேல் போய் நின்றது. மச்சான் முந்திக்கொண்டு, "அதுவும் இரிக்கி, எல்லாம் ஆயத்தம்," என்றார்.

நான் எழும்பினேன். எல்லோருடைய கண்ணும் என் மேல் இருந்தது. விரிப்பைப் பிடித்து ஒரே இழுவையில் இழுத்தேன்.

"இது எண்ட பைக்," என்றேன். "நான் வேலைக்குப் போறது. வீடு குடுக்கிறன். மகள் இரிக்கிறா. பைக் இல்ல."

அறைக்கதவுக்குப் பின்னால் மகள் மூச்சு விட்டது கேட்டது. தகப்பன் பெயின்ட் துளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்டுல கதைச்சிட்டுச் சொல்றம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, சலாம் சொல்லி எழும்பினார்.

அவர்கள் போனதும் மச்சான் செருப்பைத் தேடியபடியே கத்தினார். இனி இந்த வீட்டுக்கு ஒருவனும் வரமாட்டான், தான் இனி ஒரு பேச்சும் கொண்டுவர மாட்டேன் என்றார். அவர் சொன்னது நடக்கலாம். அவர்களிடமிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. வந்தால் வீட்டுக்கும் மகளுக்குமாக வரட்டும், வேறெதற்கும் வரத் தேவையில்லை.

மறுநாள் காலை வாளிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். சம்மாந்துறையில் ஒரு வீட்டுக்கு இரண்டாம் பூச்சு. மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கையில் அந்த விரிப்பு. முகத்தைப் பார்க்காமல் வாளிக்குள் திணித்தாள்.

"நிலத்துல பெயின்ட் சிந்தாம விரிக்க ஒண்டுமில்ல எண்டு ஏசிக்கொண்டு திரிஞ்சீங்க," என்றாள். "இது இனி இங்க என்னத்துக்கு?"

மகள் கைப்பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். தேத்தண்ணிக் கடையைக் கடக்கும்போது நான் வேகத்தைக் கூட்டவில்லை.