தூண்டில் கடையில் பதின்மூன்றாவது மாதம்

தூண்டில் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு வருடத்தில் பதின்மூன்று மாதங்கள். அந்தப் பதின்மூன்றாவது மாதம் பெப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் எங்கோ தொடங்கும். எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. பனி முழுதாகப் போகவும் மாட்டாது, முழுதாக நிற்கவும் மாட்டாது. மீன்பிடிகாரர்கள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கடைக்கு வருவார்கள். எதுவும் வாங்கமாட்டார்கள். தூண்டில் தடியை எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள், வைத்துவிட்டு ஜன்னலால் வானத்தைப் பார்ப்பார்கள், திரும்பவும் அதே தடியை எடுப்பார்கள். புடவைக் கடையோ நகைக் கடையோ, எங்கே நின்று வேலை செய்திருந்தாலும் இந்த ஆட்களை உங்களுக்குத் தெரியும். என் பாடு உங்களுக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடை ஒன்ராறியோ வாவிக் கரையில் உள்ள பிக்கரிங்கில் இருக்கிறது. புழு விற்கிற கடை என்று நினைத்துவிடாதீர்கள். இறகையும் மயிரையும் நூலையும் கொக்கியில் சுற்றி, பூச்சி மாதிரிச் செய்து, அதைக் காட்டி மீனை ஏமாற்றுகிற வகைத் தூண்டில் இது. அந்தப் பூச்சிகளைக் கட்டுவது என் வேலை. அதற்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் கடுகளவு மின்பாகங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். அது மூடப்பட்டபோது கை பழகியிருந்தது, கண்ணும் இன்னும் கெட்டுப்போகவில்லை.

மூன்று தலைமுறை

நேர்முகத்தில் முதலாளி வால்டர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "உன் குடும்பத்தில் யாராவது மீன் பிடிப்பார்களா?" நான் உண்மையைச் சொன்னேன். அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா, மூவருமே மன்னார்க் கடலில் தொழில் செய்தவர்கள். மூன்று தலைமுறை.

அவர் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. வலையில் சிக்கெடுப்போம், மீன் வெட்டுவோம், கருவாடு போடுவோம், வியாபாரியோடு வாய்ச்சண்டை பிடிப்போம். என் கை பட்ட மீனெல்லாம் செத்த மீன். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் வால்டர் எழும்பி, கடையில் நின்ற இரண்டு பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டார்: "கடைசியில் மீன் என்றால் என்னவென்று தெரிந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள்!"

தேத்தண்ணி அறிக்கை

பத்து மணிக்குக் கடை திறக்கும். பத்து மணி ஒரு நிமிடத்துக்கு ஃபோன் அடிக்கும். கார்ல் என்று ஓய்வுபெற்ற பஸ் சாரதி. "ஓடை எப்படி இருக்கிறது?" என்பார். வீடு இருக்கிற அஜக்ஸில் இருந்து வேலைக்கு வரும்போது பாலத்தில் காரை மெதுவாக்கித் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். பனி உருகிச் சேறு கலந்தால் மீனுக்குக் கண் தெரியாது. கண்ணாடி மாதிரித் தெளிந்தால் மீனுக்கு நம்மைத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் இருக்கிறது, அதற்குத்தான் இந்த ஊர் முழுக்கத் தவம் கிடக்கிறது.

அந்த நிறத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை. ஆகவே நான் எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். சேறு என்றால் பால் தேத்தண்ணி, வீட்டில் இருங்கள். போகலாம் என்றால் சாயம் குறைந்த வெறும் தேத்தண்ணி. ஒரு மாதத்துக்குள் வால்டரின் வாடிக்கையாளர் எல்லோரும் இதையே பேசத் தொடங்கிவிட்டார்கள். மூன்று தலைமுறை அனுபவத்தில் வந்த சொல் என்று நினைத்தார்களாக்கும். கார்ல் இப்போதெல்லாம் வணக்கம்கூடச் சொல்வதில்லை: "ஜெசிந்தா, இன்றைக்குப் பால் எவ்வளவு விட்டிருக்கிறார்கள்?"

மயில் இறகு

ஒருநாள் தடித்த ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக ஓர் அங்கிள் வந்தார். நெற்றியில் திருநீறு. தூண்டில்களுக்கு நடுவில் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பிள்ளை, தமிழோ? நல்லதாப் போச்சு. இஞ்ச மயில் இறகு இருக்கெண்டு சொன்னவங்கள். காவடிக்கு வேணும்." இருந்தது. கட்டுக்கட்டாக இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் கேட்டார், மீன் கடையில் மயிலுக்கு என்ன வேலை என்று.

இறகின் தண்டில் இருக்கிற பச்சை இழைகளைப் பிய்த்துக் கொக்கியில் சுற்றினால் பூச்சியின் உடம்பு வரும் என்று ஒன்றைச் சுற்றிக் காட்டினேன். அங்கிளுக்கு முகம் கறுத்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே சமாதானத்துக்கு வந்துவிட்டார்: "முருகன்ர வாகனத்தைக் கொண்டுபோய் மீன்ர வாயில குடுக்கிறியள். சரி, கண் உள்ளதெல்லாத்தையும் எனக்குத் தாங்கோ, கண் இல்லாததை மீனுக்கு வையுங்கோ."

திங்கட்கிழமைகள்

திங்கள் எனக்கு விடுமுறை. வருடம் முழுவதும் மீன் பிடிக்க அனுமதி உள்ள ஓடை வாய்ப் பகுதி ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்ராறியோ வாவியில் இருந்து ட்ரவுட் மீன்கள் பனி உருகும் தண்ணீரை மணந்து அதற்குள் ஏறும். இரண்டு மாரியாக, குளிர்காலம் முழுக்க, நான் அங்கே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், ஒரு மீன், ஒரேயொரு மீன் பிடித்துவிட்டால் நான் பொய்க்காரி இல்லை என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு நிம்மதியாகப் பூச்சி கட்டலாம்.

மார்பு வரை வரும் றப்பர் காற்சட்டையோடு தண்ணீரில் நிற்பேன். தடியின் வளையங்களில் பனி கட்டிக்கொள்ளும், பத்து வீச்சுக்கு ஒருமுறை விரலால் உடைக்கவேண்டும். விரல் எங்கே என்று தேடவேண்டும். மரத்தைப் பிடித்திருக்கிறேன், என் தொப்பியைப் பிடித்திருக்கிறேன், ஒருமுறை யாரோ தொலைத்த கையுறையைப் பிடித்தேன், அதுவும் இடக்கைக்குரியது. என் கணவர் அன்ரன் வாகனத் தரிப்பிடத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருப்பார். ஊரில் இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர். வெறுங்கையோடு நான் திரும்பி வரும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "வாற வழியில மீன் கடை திறந்திருக்கு. அங்க இருக்கிறதும் ஆரோ பிடிச்ச மீன்தானே!"

எமிலியின் படம்

எமிலி ஒரு தாதி. தூண்டில் பிடிக்கத் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கே போடுவது என்று கேட்டாள். புத்தகத்தில் வாசித்ததையும் கார்ல் உளறியதையும் சேர்த்து ஒரு கதை விட்டேன்: கரையில் பனிப்பாளம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஓட்டம் மெதுவாகிற ஓரத்தில் விடு, பழுப்பான கபில நிறப் பூச்சியைக் கட்டு. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

இரண்டு நாளில் எமிலி ஓடி வந்தாள். ஃபோனில் படம். அவள் கையில் வெள்ளி மீன், அவள் முகத்தில் அழுகையும் சிரிப்பும். என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் கட்டிப்பிடித்தேன். உண்மையைச் சொல்கிறேனே, வயிறு பற்றி எரிந்தது. அன்றைக்குக் கட்டிய பூச்சிகளில் பாதியைத் திரும்பப் பிரிக்கவேண்டி வந்தது. போகும்போது அவள் அன்பாகச் சொன்னாள்: "நீ சொன்ன இடம், நீ கட்டிய பூச்சி. உனக்கு இதெல்லாம் அலுத்துப் போயிருக்கும், இல்லையா?"

பலகை

மார்ச் நடுப்பகுதியில் வால்டருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. வெளியே மழையும் பனியும் மாறி மாறிக் கொட்ட, அவர் அலுமாரிகளை மூன்றாவது தடவையாக இடம் மாற்றினார். பிறகு வாசல் பலகையில் எழுதினார்: மார்ச் கடைசிச் சனிக்கிழமை, பெண்களுக்கான ஓடைப் பயிற்சி, நடத்துபவர் நான்காம் தலைமுறை மீனவப் பெண் ஜெசிந்தா. இரண்டு நாளில் ஆறு பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். முதல் பெயர் எமிலி.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு பேருக்கு முன்னால் நின்று, பிடித்தறியாத மீனை எப்படிப் பிடிப்பது என்று காட்டவேண்டும். யாராவது ஒருத்தியின் தூண்டிலில் மீன் பட்டால் அதை எப்படி இழுப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. கடை பூட்டும் நேரம் பார்த்து, "வால்டர், ஒரு விஷயம் சொல்லவேண்டும்" என்று தொடங்கினேன். அவர் என் தோளில் தட்டினார்: "பயப்படாதே, உனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொன்னாலே அவர்களுக்குப் போதும்."

கடைசித் திங்கள்

பயிற்சிக்கு ஐந்து நாள் முன்பு வந்த திங்கட்கிழமை. தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. காலையில் இருந்து மத்தியானம் வரை ஒன்றுமில்லை. எமிலிக்குச் சொன்ன அதே இடத்தில் விட்டேன். மனதில் வேறு நினைவே இல்லை, சனிக்கிழமைக்குக் காய்ச்சல் என்று சொல்வதா முதுகு வலி என்று சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்தோடு போய்க்கொண்டிருந்த தங்கூசி நூல் நின்றது. கல்லில் மாட்டிக்கொண்டது என்று திட்டிக்கொண்டே தடியைத் தூக்கினேன். கல் நகர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. மீன் வாவிப் பக்கம் ஓடியது, நான் கரையால் அதன் பின்னால் ஓடினேன், இரண்டு இடத்தில் விழுந்தேன், மாதாவைக் கூப்பிட்டேன், அப்பாவையும் கூப்பிட்டேன். கடைசியில் ஆழமில்லாத தண்ணீரில் அது பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளி உடம்பு, பக்கத்தில் இளஞ்சிவப்புக் கோடு. கையுறையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்தேன். இத்தனை வருடம் மீன் வெட்டியிருக்கிறேன், உயிருள்ள மீன் இவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொக்கியைக் கழற்றினேன். விடுவதா வைத்திருப்பதா என்று நான் முடிவெடுக்க முதல் அது வாலால் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் அந்த இடத்திலேயே தண்ணீருக்குள் குந்தியிருந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அன்ரன் காரில் சீற்றைச் சாய்த்துக்கொண்டு நித்திரை. கண்ணாடியில் தட்டினேன். துடித்து எழும்பினார், கதையைக் கேட்டார், என் வெறுங்கையைப் பார்த்தார்: "ரண்டு மாரியா இதுக்காகத்தானேயப்பா காருக்குள்ள குந்தியிருந்தனான், எனக்கொருக்காக் காட்டிப்போட்டு விட்டிருக்கக் கூடாதோ?"

செவ்வாய்

வேலைக்குப் பறந்து போனேன். யாருக்காவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். கார்லிடம் ஃபோனில் சொன்னேன், நேற்று ஒன்று பிடித்தேன் என்று. "நல்லது. தண்ணீர் எப்படி?" என்றார். கடைக்கு வந்த இன்னொருவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு அவருடைய மீன்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நூறு மீன் பிடித்தவள் என்று பெயர் எடுத்தவளுக்கு முதல் மீனைக் கொண்டாட இடமில்லை. பொய்க்காரியாக இருந்ததைவிட இது பெரிய தண்டனை. மத்தியானம் வால்டரிடமே போனேன். இருபத்திரண்டு அங்குலம் இருக்கும் என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே நிமிராமல் கேட்டார்: "அப்படியா, இந்த மாரியில் இது எத்தனையாவது?"

சனி

ஓடைக்கரை. ஆறு பெண்கள் வரிசையாக நின்றார்கள், வாயில் இருந்து ஆவி பறந்தது. வால்டர் எல்லோருக்கும் கோப்பி கொண்டுவந்திருந்தார். கார்ல் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்றார், அவருக்கும் வீட்டில் இருக்க முடியவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தடியைப் பிடிப்பது எப்படி என்று தொடங்கவேண்டியவள், "திங்கட்கிழமை என் வாழ்க்கையின் முதல் மீனைப் பிடித்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

எமிலி வாயைத் திறந்தபடி நின்றாள். வால்டர் கோப்பியைப் பனியில் வைத்தார். "முதல் மீனா?" என்றார். "முதல். என் குடும்பத்தில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் புத்தகத்தில் வாசித்தது. அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், பயந்துவிட்டேன்." வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகட்டும் என்றும் இருந்தது, சொல்லி முடித்த பிறகு உடம்பு அவ்வளவு இலேசாக இருந்தது. வால்டர் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பென்சிலை எடுத்தார். ஆறு பெண்களும் கார்லும் பனியை மிதித்துக்கொண்டு என்னைச் சுற்றி நெருங்கினார்கள். வால்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அதை விடு. எந்தப் பூச்சி?"

பிடிக்காத மீனைப் பிடித்ததாகச் சொல்கிறவர்களாலேயே நிறைந்த ஒரு தொழிலில், பிடித்த மீனை முதல் மீன் என்று சொல்லமுடியாமல் ஐந்து நாள் தவித்த ஒரே ஆள் அனேகமாக நான்தான்.