வேல் பொறித்த சில்லு

லண்டனில், வால்தம்ஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் ஒரு இரும்புச் சில்லு கிடந்தது. சுற்றிவரப் பல் வைத்த சக்கரம், என் இரண்டு கையாலும் அசைக்க முடியாத பாரம். முன்பு இருந்தவர்கள் அதன்மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். இதைக் கவுன்சில் குப்பைவண்டி ஏற்றுமா என்று அப்பா விசாரித்துக்கொண்டு திரிய, அம்மா அதைத் தேய்த்துக் கழுவிவிட்டார். கறளுக்கு அடியில், மூன்று கோடுகள் உச்சியில் சேர்ந்த ஒரு அடையாளம் தெரிந்தது. அம்மா ஈரக்கையோடு கும்பிட்டார்.

“வேலெல்லோ கிடக்கு. இதையோ குப்பையில போடப் பாத்தனீங்கள்?”

அப்பா கடவுளோடு வேண்டுமானால் வாதாடுவார், அம்மாவோடு வாதாட மாட்டார். அன்றே சில்லுக்குச் சந்தனம் வைத்தாயிற்று.

அந்த நாட்களில் அம்மாவின் கடைசித் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, ஏஜென்டை நம்பி நாடு நாடாக மாறிக்கொண்டிருந்தார். நான் மாமாவைப் படத்தில் மட்டும் பார்த்தவள். அவர் லண்டன் வந்து சேரும்வரை வெள்ளிக்குவெள்ளி அந்தச் சில்லில் தேங்காய் உடைப்பதென்றும், அதுவரை அதை இருந்த இடத்தைவிட்டு அசைப்பதில்லை என்றும் அம்மா நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தார். எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமைகளில் தேங்காய்ச் சொட்டு தின்னக் கிடைக்கும் என்பதோடு என் பக்தி முடிந்தது.

வேலிக்குப் பின்னால் கார் விடுகிற கறாச்கள் வரிசையாக இருந்தன. ஒரு வெள்ளி அம்மா தேங்காயை ஓங்கி அடிக்க, சில்லு ‘ணங்’ என்று நீளமாக ஒலித்தது. வேலிக்கு மேலால் ஒரு தொப்பி எழும்பியது. அதற்குக் கீழே, அங்கே ஒரு கறாச் வைத்திருந்த கிழவரின் முகம். எங்கள் வீட்டில் அவருக்கு வெள்ளைக்கார அப்பு என்று பெயர். அன்று அவர் சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தோம். வந்தவர் யாரையும் பார்க்கவில்லை, சில்லுக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டார். அம்மாவுக்கு அவர்மேல் உடனே ஒரு மரியாதை வந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தட்டிக் காது கொடுத்தார். நல்ல இரும்பு பாடுமாம், வெடிப்பு விழுந்தது இருமுமாம். தகரத்தில் வெட்டிய ஒரு அச்சைப் பல்லோடு பொருத்தித் தேய்மானம் பார்த்தார். பிறகு சந்தனத்தையும் எண்ணெயையும் விரலால் தொட்டு முகர்ந்து, எந்தக் கிறீஸ் பூசுகிறீர்கள், இரும்பை இவ்வளவு நன்றாக எவரும் வைத்திருந்து நான் கண்டதில்லை என்றார். அப்பா அதை மொழிபெயர்க்க அம்மா பூரித்துப்போனார். அந்த வேல், வேல் இல்லை, பிரித்தானிய இராணுவம் தன் சொத்துக்கெல்லாம் பொறிக்கிற அம்புக்குறி என்றும் அவர் சொன்னார். அப்பா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அன்று அப்பாவோடு நானும் அவருடைய கறாச்சுக்குப் போனேன். கதவு மேலே போனபோது என் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. உலகப்போரில் ஓடிய கவசவண்டி ஒன்று, கூரையில்லாமல், டயருக்குப் பதிலாகச் சங்கிலி பூட்டி, அந்தச் சின்ன இடத்தை முட்ட நிறைத்துக்கொண்டு நின்றது. சுவர் முழுக்க இழுப்பறை லாச்சிகள். ஒவ்வொன்றிலும் எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய துண்டுகள், ஒவ்வொரு துண்டிலும் அது எங்கே கிடைத்தது என்று ஒரு சீட்டு. சங்கிலியின் ஒரு பகுதி, ஒரு படகுக்காரர் நங்கூரமாகப் போட்டிருந்தது. ஒரு விளக்கு கோழிக்கூட்டில் இருந்தது. காசுக்கு இவை அகப்படாதாம். இப்படிப் பழைய வண்டி கட்டுகிற கிழவர்கள், ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தால் மாற்றிக்கொள்வார்களாம். எவருடைய எந்தத் துண்டு எதற்குச் சமன் என்பது அந்தக் கிழவர்களின் மனதில்தான் இருந்தது. பதினொரு வருடமாக அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்திருந்தார், ஒன்றைத் தவிர. சங்கிலியை இழுக்கிற இரண்டு பல்லுச் சில்லில் ஒன்று தேய்ந்துவிட்டது, அதில் சங்கிலி நழுவும். நல்ல சோடி எங்கள் வளவில், தேங்காய்த் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது.

அவர் விலை கேட்டார். பிறகு, கறாச்சில் எதை வேண்டுமானாலும் மாற்றாக எடுங்கள் என்றார். அம்மாவின் பதில் மாறவில்லை.

“சாமி இருக்கிறதை விக்கிறதோ? தம்பி வந்து சேரட்டும். பிறகு பாப்பம்.”

எனக்கோ அந்த வண்டி ஓடியே ஆகவேண்டும். சோறு தின்னும்போதும் அம்மா எனக்குத் தலை இழுக்கும்போதும் கெஞ்சினேன். கடைசியில் ஒரு நல்ல நியாயம் கண்டுபிடித்தேன்.

“மாமா வந்தாப் பிறகு அவரையும் அதில ஏத்தலாம்தானே, அம்மா?”

அம்மா சீப்போடு நின்றுவிட்டார், பிறகு என் பின்னலை அவிழ்த்து முதலிலிருந்து பின்னினார். நான் பாதி வென்றுவிட்டதாகக் கணக்குப் போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தேன். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் சில்லை நிமிர்த்தி, பின் ஒழுங்கையில் தனியே உருட்டிக்கொண்டு போனார். வேலைக்குப் போகாமல் நின்ற அப்பா பின்னால் நடந்தார். உதவிக்குக் கை நீட்டினார், அம்மா விடவில்லை. கறாச் வாசலில் அதை விட்டுவிட்டு, கிழவர் நீட்டிய எதையும் வாங்காமல் திரும்பினார். அப்பா அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கிழவர் தொப்பியைக் கழற்றினார். சில்லுக்குத்தான் அந்த மரியாதை என்று நினைத்தேன். என் நியாயம் பலித்துவிட்டது என்ற பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அந்த வெள்ளி அம்மா தேங்காயைக் கத்தியின் பின்புறத்தால் உடைத்துக் கறிக்குத் துருவினார். அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

மாமா வழியில், பனிக்குளிரில், ஒரு லொறிக்குள் இறந்துபோன செய்தி அந்தப் புதன் காலையில்தான் வந்ததென்று எனக்குப் பதினாறு வயதில் அப்பா சொன்னார்.

ஆனால் சில்லு போன அடுத்த மாதம், ஆற்றோரப் புல்வெளியில் அந்த வண்டி என்னையும் ஏற்றி முழங்கிக்கொண்டு புறப்பட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது. நிலம் அதிர்ந்தது, என் பல்லும் அதிர்ந்தது. இரும்புச் சங்கிலி புல்லை மடக்கி மடக்கித் தனக்குத் தானே பாதை போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க, உலகத்தில் இதைவிடப் பெரிய அதிசயம் இருக்காது என்றே பட்டது. ஒரு சுற்று முடிந்து வண்டி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றது. என் அருகில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது, கிழவரின் பேரப்பிள்ளை ஏற வந்தான். நான் இடத்தைக் கையால் மறைத்தேன்.

“இது மாமாவுக்கு. என்ன அம்மா?”

அம்மா என் கையைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார்.

அடுத்த சுற்று முழுக்க நான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன்.