பேருந்து நிலையத்தில் மீன்பிடிப் படகுகள்

அரசுத் திட்டங்களால் மண்ணும் தண்ணீரும் என்ன பாடுபடும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அந்த அம்மாளின் உத்தியோகம். முன்கூட்டியே என்பது சட்டம் சொல்வது. நடைமுறையில், எல்லாம் முடிவான பிறகுதான் கோப்பு அவர் மேசைக்கு வரும். அலுவலகத்தில் அவருக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். இதுவரை எந்த வண்டியையும் அவர் நிறுத்தியதில்லை என்பது வேறு விஷயம்.

கணவர் பேருந்து ஓட்டுநர். கூரையும் கழிப்பறையும் உள்ள ஒரு நிலையத்துக்காகப் பல வருடங்களாக ஏங்குகிறவர். கடைசியில் திட்டம் வந்தது. இடம்தான் இடித்தது: சுற்றுவட்டார மழைநீரெல்லாம் போய்ச் சேரும் பள்ளம். மண்ணடித்து மேடாக்கப் போகிறார்களாம்.

"இதுலயும் நொட்டை சொல்லிடாத தாயே," என்றார் கணவர்.

"நான் எங்க சொல்றேன்? மொதல் மழை சொல்லும்."

அறிக்கையில் ஓர் அத்தியாயம் கட்டாயம்: திட்டத்தையே கைவிட்டால் என்ன ஆகும்? யாரும் அதைப் படிப்பதில்லை. ஆகவே யாரும் எழுதுவதும் இல்லை. பழைய அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டுவார்கள். அக்காவும் ஒட்டினார். கூட்டத்தில் தலைமைப் பொறியாளர், என்ன நேரமோ, அந்தப் பக்கத்தையே பிரித்தார்.

"'திட்டத்தைக் கைவிட்டால் மீன்பிடிப் படகுகளுக்குப் பாதிப்பில்லை.' ஏம்மா, பஸ் ஸ்டாண்டுல எப்ப படகு விட்டோம்?"

அது ஒரு துறைமுகத் திட்டத்தின் பத்தி. அறையே சிரித்தது. அக்காவுக்குக் காதுவரை சூடேறியது. பிழையில்லாமல் எழுதிய எத்தனையோ அறிக்கைகளை ஒருவரும் திறந்ததில்லை.

"இப்ப விடல சார். பள்ளத்த மூடினா விட வேண்டி வரும்."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப தண்ணி எங்க போகும்?"

"தெரியாது சார். முடிவு பண்றதுக்கு முன்னாடி கேட்டிருந்தா பாத்திருப்பேன்."

"இப்ப கேக்கறேன். பாருங்க."

பொறியாளருடைய மாமியார் வீடு பள்ளத்தை ஒட்டிய தெருவில் இருந்ததும் உதவியிருக்கலாம்.

அக்கா பார்த்தார். தண்ணீர் அந்தத் தெருவுக்குத்தான் போகும். ரயில் பாதை ஓரம் பூட்டிக் கிடந்த சரக்குக் கிடங்கை மாற்று இடமாக எழுதினார். முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். வேலை மட்டும் தள்ளிப்போனது.

"அதுவரைக்கும் எனக்கு மரத்தடிதானா?" என்றார் கணவர் அன்றிரவு, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி.

"கிடங்குக்குக் கூரை ஏற்கெனவே இருக்கு. கழிப்பறைய மொதல்ல கட்டணும்னு எழுதியிருக்கேன்."

கணவர் நிமிர்ந்தார். "அத எந்த அறிக்கைலேர்ந்து வெட்டி ஒட்டின?"

"அது மட்டும் சொந்தமா எழுதினது."